ஒரு சிவப்புப் புள்ளி

அச்சகத்தில் அவளுக்குப் பெயரே ஆபரேட்டர். பதினான்கு வருஷமாக அடுத்தவர்கள் கிறுக்கித் தந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள். ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் கொடுத்த உறை வேலையில், யாரும் சொல்லாமலேயே எழுத்துகளை அங்கே இங்கே நகர்த்தி அழகாக்கிவிட்டாள். கடைக்காரர் வாயாரப் பாராட்டினார். முதலாளி பக்கத்தில் நின்ற தன் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "எல்லாம் இவரு கைவண்ணம்" என்றார். மாப்பிள்ளைக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்ததே இவள்தான்.

"சார், அது நான் பண்ணது."

முதலாளி கடைக்காரர் எதிரிலேயே சிரித்தார். "ஏம்மா, உனக்கு கண்ணு எதுக்கு? விரல் போதும்."

அன்றைக்கே வேலையை விட்டாள். கோபத்தை ஆறப்போட்டால் ஆறிவிடுமே என்ற பயத்தில், அடுத்த வாரமே ஒரு வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயதில், தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கறுப்புக் காகிதத்தில் வட்டமும் சதுரமும் வெட்டி ஒட்டினாள். பாடம் ஒவ்வொன்றையும் முதலாளியை வைத்துத்தான் படித்தாள். அவருடைய பெயர்ப்பலகையில் ஏழு நிறம், நாலு வகை எழுத்து, மூச்சுவிட இடமில்லை. எது எது தப்பு என்று தெரியத் தெரிய அவளுக்கு இனித்தது.

கடைசிப் பாடம் ஒரு சுவரொட்டி. படம் கூடாது, ஒரே வரி. வரிக்கு அவள் யோசிக்கவே இல்லை: 'உனக்கு கண்ணு எதுக்கு? விரல் போதும்.' எல்லா எழுத்தும் சிவப்பு, தடிமன், நிழல், மூன்று ஆச்சரியக்குறி என்று ஆத்திரம் தீரப் போட்டுக்கொண்டு போனாள்.

அவளைவிடப் பத்து வயது இளையவளான ஆசிரியை முகம் சுளித்தாள். "அக்கா, இது திட்டற மாதிரி இருக்கு."

"திட்டத்தான் செய்யறேன்."

"அப்போ திட்டு வாங்கறவருக்கு உறைக்க வேண்டாமா? எல்லாமே கத்தினா காதைப் பொத்திக்குவாங்க. ஒண்ணே ஒண்ணு பேசட்டும், மத்ததை அடக்குங்க."

இரண்டு வாரம் அடக்கினாள். ஆச்சரியக்குறி போயிற்று, நிழல் போயிற்று, சிவப்பு போயிற்று. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் வயிறு எரிந்தது. வெள்ளைத் தாளின் நடுவில் மெல்லிய கறுப்பு வரி ஒன்று மிஞ்சியது. அதில் ஐந்து மெய்யெழுத்துகள், ஐந்து புள்ளிகள். பதினான்கு வருஷம் தட்டிய புள்ளியை அன்றைக்குத்தான் பார்த்தாள். நான்கைக் கறுப்பாகவே விட்டு, 'கண்ணு'வில் இருக்கும் 'ண்'ணின் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிச் சிவப்பாக்கினாள். சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். அது அவளையே முறைத்தது.

மதிப்பெண் போட வெளியாள் ஒருவர் வருவார் என்றார்கள். யாரென்று கேட்டால், பள்ளிக்கு அச்சடித்துத் தரும் அதே முதலாளி! விஷயம் தெரிந்ததும் வீட்டில் துள்ளினாள்.

"பரீட்சைக்குப் போறியா, பழிவாங்கப் போறியா?" என்றான் கணவன்.

"ரெண்டும் ஒரே ஹால்லதான்."

முதலாளி ஒவ்வொரு சுவரொட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து அவளுடையதற்கு முன்னால் நின்றுவிட்டார். "பலே! அந்தப் புள்ளி முறைக்குது பாருங்க. எந்தப் படுபாவி இப்படிச் சொன்னான்?"

"நீங்கதான் சார்," என்றாள் பின்னாலிருந்து. "போன வருஷம். மருந்துக்கடைக்காரர் எதிர்ல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் திரும்பி அவளை அடையாளம் கண்டுகொண்டு விழித்தார். "நானா? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா."

பொய் இல்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. சொன்ன சொல்லைவிட அதுதான் அவளைச் சுட்டது. அவள் தூக்கம் கெட்டுத் தூக்கிச் சுமந்ததை அவர் அன்றைக்கே துப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

"அதனாலதான் சார் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன்."

ஆசிரியை மதிப்பெண் தாளை நீட்டினாள். குறைத்துப் போட்டால் ஏன் குறைத்தார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். கூட்டிப் போட்டால் அவளுக்குக் கண் இருக்கிறது என்று அவர் கையாலேயே எழுதியதாகிவிடும். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று எழுதி, தாளைச் சட்டென்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

அவள் விடவில்லை. "கீழ கையெழுத்து, சார்."

போட்டார். ஒரு வருஷம் எரிந்த வயிறு அவளுக்கு அப்போதுதான் குளிர்ந்தது.