பிஸ்கட் டப்பாவில் என்ன இருக்கு?

என் ஆராய்ச்சியைப் பற்றி உறவுக்காரர்கள் கேட்டால், சின்னப் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்பேன். "அதுக்கா இம்புட்டு வருசம்? எங்க வீட்டுக்கு வா, நாலு உருப்படி கெடக்கு, செத்த நேரத்துல பாத்துட்டுப் போயிரலாம்" என்பார் என் சின்னம்மா. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபம் எனக்கு எப்போதுமே மூக்கு நுனியில்தான் இருக்கும்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். தனக்குத் தெரிந்த ஒன்று அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது ஒரு குழந்தைக்கு எப்போது புரிகிறது? இதற்குப் பல ஊர்களில் பழகிய ஒரு சோதனை உண்டு. பிஸ்கட் டப்பாவைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்க வேண்டும். குழந்தை பிஸ்கட் என்று சொல்லும். திறந்தால் உள்ளே பென்சில்கள். குழந்தை திகைக்கும். டப்பாவை மூடிவிட்டு, "வெளியே நிற்கும் உன் தோழி இதைப் பார்க்கவில்லையே, அவளைக் கேட்டால் என்ன சொல்வாள்?" என்று கேட்க வேண்டும். ரொம்பச் சின்னப் பிள்ளை பென்சில் என்று சொல்லிவிடும். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்ற நினைப்பு அதற்கு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, தோழி ஏமாந்து பிஸ்கட் என்றுதான் சொல்வாள் என்று கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் ஒரு மார்க்.

திண்டுக்கல் கடைத்தெருவில் நல்ல தகர டப்பாவாகப் பார்த்து வாங்கினேன். மூடி முழுக்க பிஸ்கட் படம். உள்ளே இருந்ததை நானும் அத்தாவும் இரண்டே நாளில் தின்று தீர்த்தோம். ஆராய்ச்சிக்காக நான் செய்த முதல் தியாகம் அது. காலி டப்பாவில் பன்னிரண்டு பென்சில்களைப் போட்டுக்கொண்டு, ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் பூ விளைகிற ஒரு கிராமத்து அங்கன்வாடிக்குப் போனேன்.

முதல் பிள்ளை வந்து உட்கார்ந்தது. டப்பாவைக் காட்டினேன்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"கடுகு."

சரி, பசி போலிருக்கிறது என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். "ஊசி, நூலு" என்றது. அதற்கடுத்தது, "எங்க அப்பாவோட மாத்தர சீட்டு" என்றது. இன்னொரு பிள்ளை தெரியாது என்று சொல்லி எழுந்து போயே விட்டது. பென்சிலைக் காட்டினால் ஒருவர் முகத்திலும் திகைப்பு இல்லை. "ஓ, டீச்சர், உங்க வீட்டுல இதுல பென்சில் வச்சிருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளக்கிற சோதனைக்கு இந்தப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

பதினோராவதாக வந்தவள் நாலரை வயதுச் சிறுமி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, காதோரம் ஒரு துண்டு கனகாம்பரம். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "நீங்கதான சொல்லணும், உங்க டப்பா" என்றாள். பென்சிலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். வெளியே அவளுடைய தோழி அடுத்த முறைக்காக நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கேட்டால் என்ன சொல்வாள் என்றேன். இவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவ எப்படிப் பென்சில்னு சொல்லுவா? அவதான் பாக்கலேல்ல. அவ வீட்டுல இந்த டப்பாவுல வெந்தயம் கெடக்கு. வெந்தயம்னு சொல்லுவா."

என் தாளில் பிஸ்கட் என்று ஒரு கட்டமும் பென்சில் என்று ஒரு கட்டமும்தான் இருந்தன. வெந்தயத்துக்குக் கட்டம் இல்லை. பூஜ்யம் போட்டேன். அடுத்து அந்தத் தோழி வந்தாள். உள்ளே என்ன என்று கேட்டேன். "வெந்தயம்" என்றாள். அவளுக்கும் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு, பன்னிரண்டாம் தாளை அடியில் செருகினேன். அன்று என் தலைக்குள் என்ன இருந்தது என்று எந்தச் சோதனை வைத்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இப்படியே பக்கத்துக் கிராமங்களுக்கும் மாதக்கணக்கில் அலைந்தேன். எங்கே போனாலும் பூஜ்யங்கள்தான். என் கைடு மேடம் தாள்கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கிடைத்ததை அப்படியே எழுதச் சொன்னார். திங்கட்கிழமை அந்த அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து எழுதினேன்: "இப்பகுதிக் குழந்தைகளிடம் பிறர் மனத்தை அறியும் திறன் தாமதமாகவே வளர்கிறது." நல்ல கம்பீரமான வாக்கியமாகப் பட்டது. அச்சில் வந்துவிட்டால், நான் பிறந்து வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளை மந்தம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டதாக ஆகும். அது அப்போது உறைக்கவில்லை. வாக்கியம் அழகாக இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார். "அந்தப் பொட்டியத் தட்டுனது போதும். கறி வெந்துருச்சு, பிரியாணிக்குத் தாளிக்கப் பட்ட கிராம்பு எடுத்தா."

எழுந்து போனேன். அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து, பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் அள்ளி அம்மாவின் கையில் கொடுத்தேன். கொடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பிஸ்கட் படம்.

பைத்தியம் பிடித்தவள் போல ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன். காப்பித்தூள் பாட்டிலில் கல் உப்பு. குலோப் ஜாமூன் டப்பாவில் சோம்பு. ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பா இரண்டு, இரண்டிலும் கறி.

"என்னத்தடி தேடுற?"

"ஏம்மா, இந்த வீட்டுல எதுலயாச்சும் மேல போட்டிருக்கறது உள்ள இருக்கா?"

"மேல போட்டிருக்கறதப் பாத்தா யாரு சமைக்கிறா?" என்று சொல்லிவிட்டு அம்மா கிராம்பைப் போடப் போய்விட்டார்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது வெந்தயம் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் கட்டைப் பிரித்து, பதினோராம் தாளையும் பன்னிரண்டாம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெந்தயம் என்று சொல்வாள். வெந்தயம். இரண்டும் என் கையெழுத்தில்தான் இருந்தன. உடனே அந்த ஊர் அங்கன்வாடி டீச்சருக்குப் போன் போட்டேன்.

"ஆமா மேடம், தீபாவளிச் சீட்டு போட்டவங்களுக்கெல்லாம் இனிப்போட நீங்க கொண்டாந்த மாதிரியே பிஸ்கட் டப்பாவும் குடுத்தாங்க. ஊருக்குள்ள வீட்டுக்கு ஒண்ணு கெடக்கும். பிஸ்கட்ட பிள்ளைக அன்னைக்கே தின்னு தீத்துருச்சுக. டப்பாவ யாரு தூக்கிப் போடுவா?"

அந்தச் சிறுமி தோழி பார்க்கவில்லை என்பதைக் கவனித்திருந்தாள். தோழி வீட்டு அலமாரியை நினைவில் வைத்திருந்தாள். அதை வைத்து அவள் வாயில் என்ன வார்த்தை வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதற்குத்தான் நான் பூஜ்யம் போட்டேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அந்தக் கம்பீரமான வாக்கியத்தை அழித்துவிட்டுத்தான் பிரியாணிக்கு உட்கார்ந்தேன்.

மறுநாள் அத்தியாயத்துக்குப் பதிலாக வெறும் கையோடு போனால் கைடு மேடம் சும்மா விடுவாரா? "இத்தனை மாச வேலை மேடம், அம்புட்டும் தப்பு" என்றதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. "டெட்லைன் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். அவர் மேஜை ஓரத்தில் ஒரு சாக்லேட் டப்பா இருந்தது. நான் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ, அதைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுக்குள்ள என்ன மேடம் இருக்கு?"

"குண்டூசி" என்றார் யோசிக்காமல். அப்புறம் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அறையில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இரண்டு தாள்களையும் வாங்கி வாசித்துவிட்டு, "புதுசா ஆரம்பி, நான் டைம் வாங்கித் தாரேன்" என்றார்.

இந்த முறை புதிய பிள்ளைகளுக்காக, வாழை இலையில் சுற்றி நார் போட்டுக் கட்டிய பூப்பொட்டலத்துக்குள் பென்சிலை வைத்தேன். பூ விளைகிற ஊர்களில் அதற்குள் வேறு எதையும் யாரும் கட்டமாட்டார்கள். பிள்ளைகள் "பூ!" என்று கத்தினார்கள், பென்சிலைப் பார்த்து என்னைத் திட்டாத குறையாகச் சிரித்தார்கள், தோழிகள் ஏமாறுவார்கள் என்று சரியாகவே சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் கட்டத்தில் இருந்தது என்று ஆய்வேட்டில் எழுதினேன். வெந்தயத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன்.

ஒரு தடவை சோதனையைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு மறுபடி வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் பதினோராம் தாள்காரிக்கு மார்க் கொடுக்க எனக்கு வழி இல்லை. ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த வாரம், அதே டப்பாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். இரட்டைச் சடை கொஞ்சம் நீண்டிருந்தது. டப்பாவை அவள் மடியில் வைத்து, உள்ளே என்ன இருக்கு என்று கேட்டேன்.

"பென்சிலு" என்றாள் சலிப்போடு. "நீங்க வேற என்னத்த வைப்பீங்க?"

"தெறந்து பாரு."

திறந்தாள். கண் விரிந்தது, வாய் பிளந்தது. உள்ளே பார்த்தாள், மூடியில் இருந்த படத்தைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள். அத்தனை மாதம் அத்தனை கிராமத்தில் நான் தேடி அலைந்த முகம் அதுதான். டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"ஏ, எல்லாரும் இங்க வாங்க! பிஸ்கட் டப்பாக்குள்ள பிஸ்கட்டு இருக்கு!"