பழைய டிவிக்கு எந்தப் பெட்டி சேரும்?

பழைய டிவிக்கு செட்டாப் பாக்ஸ் விற்கிற தொழிலில், பெட்டி ஓடுமா என்பது ஒரு கவலையே இல்லை. டிவி ஓடுமா என்பதுதான் கவலை.

ராஜபாளையத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இந்த வேலையைப் பார்க்கிறேன். கடையில் பெட்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் நான்தான், ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுப்பதும் நான்தான். கூரை மேல் ஏறி டிஷ் கட்டுவதற்கு மட்டும் செல்வம் அண்ணன் வருவார். எதற்கும் பதறாத மனிதர். அவர் பதறாததையும் சேர்த்து நான் பதறிக்கொள்வேன்.

இப்போது வருகிற பெட்டிகளில் பாதி, சுவரில் தொங்குகிற தட்டை டிவிக்கென்றே செய்தவை. பின்பக்கம் வயிறு தள்ளிய பழைய டிவியில் அந்த வயரைச் செருக இடமே கிடையாது. அதற்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர் உள்ள பெட்டியாகத் தேடிக் கொடுக்க வேண்டும். தேடிக் கொடுத்து, மாட்டி, சுவிட்சைத் தட்டுகிற நேரத்தில் அந்த டிவி கண்ணை மூடிவிட்டால் போச்சு. வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள், "இம்புட்டு நாளா நல்லாத்தான ஓடுச்சு?" மிக்சி ரிப்பேர் பார்ப்பவர்களும் மோட்டார் கழற்றுகிறவர்களும் பல் பிடுங்குகிற டாக்டர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். என் வேதனை உங்களுக்குப் புரியும்.

பல்லி போன வழி

ஆலங்குளத்திலிருந்து ஓர் அக்கா பஸ் ஏறி வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. "பெட்டி ஒண்ணு குடும்மா, நாலு மணி பஸ்ஸப் பிடிக்கணும்" என்றார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "ஒங்க டிவிக்குப் பின்னால மஞ்சள், சிவப்பு, வெள்ளையில மூணு ஓட்டை இருக்காக்கா?" அக்கா யோசித்து, "இருந்துச்சு" என்றார். ஓட்டை எப்படி இருந்துச்சாக ஆகும்?

டிவியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி வீட்டுக்காரருக்கு போன் போடச் சொன்னேன். படம் வந்தது. மூன்று ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மூன்று கட்டி. நன்றாக வழித்து, மட்டம் பார்த்து, சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார் மனிதர். உள்ளே பல்லி போகிறதாம். கொத்தி எடுக்கலாம்தான். கொத்துகிறபோது உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகை விரிசல் விட்டால் என் தலைதான் உருளும். "ஏரியல் வயர் செருகுற ஓட்டையாவது மிச்சம் இருக்காக்கா?" என்று கேட்டேன். அது இருந்தால், நடுவில் ஒரு சின்ன டப்பாவை வைத்து அந்த வழியாகவே படத்தை அனுப்பிவிடலாம்.

அக்கா பெருமையாகச் சொன்னார்: "அதையும் பூசணும்னுதான் கரண்டியோட நின்னாரு. நான்தான், டிவிக்கு மூச்சு முட்டும், அத மட்டும் விடுங்கன்னேன்."

தேர் வரும் நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதியில் ஒரு பெரியவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேபிள் பெட்டி வாங்குவதா, டிஷ் பெட்டி வாங்குவதா என்று முடிவு செய்ய முடியாமல் ஆடி மாதம் பிறந்ததிலிருந்து கடைக்கு வந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். ஆடிப்பூரத் தேரை டிவியில் காட்டுவார்கள் அல்லவா, அதைத் தெளிவாகப் பார்க்க எந்தப் பெட்டி நல்லது?

"தேர் ஒங்க வீட்டு வாசல் வழியாத்தான சார் போகுது?" என்றேன். "வாசல்ல நின்னா வடத்தையும் முதுகையும்தாம்மா பாக்கலாம். டிவியிலதான் சாமி முகம் தெரியும்" என்றார். நியாயம்தான். ஆனால் தேர் வருகிற வீதியில் குறுக்கே போகிற கேபிளை எல்லாம் முன்கூட்டியே அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். கேபிள் பெட்டியைக் கொடுத்தால் அன்றைக்கு அது வெறும் டப்பா. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு விற்க எனக்கு வராது, சொல்லிவிட்டேன். "அப்ப டிஷ்ஷே குடுத்துரு" என்றார். தேர் நகர்கிற நேரத்தில் அந்த வீதிக்குக் கரண்டையும் நிறுத்துவார்களே! அதையும் சொல்லித் தொலைத்தேன். அவர் வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு ஃபேனும் ஒரு லைட்டும்தான் ஓடும். வயிறு தள்ளின டிவியை அதில் போட்டால் இன்வெர்ட்டரும் போகும், டிவியும் போகும், என் நிம்மதியும் போகும்.

பெரியவர் ரொம்ப நேரம் பெட்டிகளையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வேற வழியில்ல. இந்த வருசம் நேர்லயே பாத்துக்கிடுதேன்."

ஓரத்தில் நிற்கிற பிள்ளை

மகாராஜபுரத்தில் கருப்பையா அண்ணாச்சி வீட்டு மகன் ராணுவத்தில் இருக்கிறான். டெல்லியில் குடியரசு தின அணிவகுப்பில் நடக்க அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் கடைக்கு வந்து டிஷ் சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் போய் மாட்டினது அணிவகுப்புக்கு முந்தின நாள். செல்வம் அண்ணன் கூரையில் டிஷ்ஷைத் திருப்ப, கீழே படம் பளிச்சென்று வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். நானும் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தேன்.

அப்போது பேச்சியம்மாள் சொன்னார்: "நேத்து போன் போட்டான். வரிசையில ஓரத்துல நிக்கானாம். ஓரத்து ஆளைப் பாத்துக்கோன்னான்." எனக்குச் சுரீர் என்றது. ஓடிக்கொண்டிருந்த செய்தியைப் பார்த்தேன். கீழே ஓடுகிற எழுத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் காணோம். விஷயம் இதுதான். இப்போது எடுக்கிற படமெல்லாம் அகலம், பழைய டிவியோ சதுரம். திரை முழுக்கப் படம் நிற்க வேண்டும் என்றால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். அதாவது நாளைக்கு டெல்லியில் மற்ற எல்லாப் பிள்ளைகளும் மகாராஜபுரம் வீட்டுக்குள் நடந்து வருவார்கள், இவர்கள் பிள்ளை மட்டும் டிவிக்கு வெளியே நடந்து போவான்.

பெட்டியின் அமைப்புக்குள் போய்த் துழாவி, படம் முழுதும் தெரிகிற மாதிரி மாற்றினேன். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் சின்னதாகிவிட்டது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, இருந்த டிவியில பாதியக் காணோம்? இதுக்கா டவுனுக்கு அலைஞ்சோம்? பழையபடி வச்சிரு." பேச்சியம்மாள் விடவில்லை. "படம் சின்னதாப் போனாப் போகட்டும். எம்பிள்ள வெளிய நிக்கக் கூடாது. நீ அப்படியே விடு தாயி." அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் என் வீட்டு டிவி முன்னால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போயிருக்குமோ, காற்றில் டிஷ் அசைந்திருக்குமோ, அண்ணாச்சி ரிமோட்டை அமுக்கிப் பழையபடி ஓரத்தை வெட்டியிருப்பாரோ? வரிசை வரிசையாக நடந்தார்கள். கேமரா எங்கேயும் நின்று காட்டவில்லை. போன் வரவே இல்லை. சாயந்தரம் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டு, "மகனப் பாத்தியளாம்மா?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் சொன்னார்: "பாத்தேன் தாயி. எல்லாப் பிள்ளையளும் எம்பிள்ள மாதிரியே நடக்கு, எது அவன்னு தெரியல. அதான் டிவியவே சேத்துச் சுத்திப் போட்டுட்டேன்."

ஒரு கிளை

செண்பகத்தோப்புப் பக்கம் வனத்துறைக் காவலர் ஒருவர் வீடு. கேபிள் அங்கே எட்டாது, டிஷ்தான் கதி. அங்கே போவதென்றாலே எனக்கு நடுக்கம். யானை வரும் பாதை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். செல்வம் அண்ணன் கூரையில் இருக்கும்போது நான் கீழே பெட்டியைப் பார்க்காமல் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தது. ஆனால் காற்றடிக்கும்போதெல்லாம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றது. டிஷ்ஷுக்கு நேராக ஒரு மருத மரம், அதில் ஒரே ஒரு கிளை அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு வெளிச்சத்தோடு கிளம்ப வேண்டுமே என்ற அவசரத்தில், "அந்தக் கிளைய மட்டும் வெட்டிட்டா முடிஞ்சது சார்" என்று சொல்லிவிட்டேன். காவலர் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். போட்டிருந்த காக்கிச் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெட்டினா என் மேல நானே கேஸ் எழுதணும்மா. சாட்சிக்கு ஒன்னையத்தான் கூப்பிடுவேன், வருவியா?"

செல்வம் அண்ணன் இறங்கி, டிஷ்ஷைக் கழற்றி முற்றத்து மூலைக்குக் கொண்டுபோனார்.

ஃபிட்டர் வீட்டில் ஒரு சத்தம்

எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ, அது ராஜபாளையத்திலேயே ஒரு வீட்டில் கேட்டது. ராமசாமி அண்ணாச்சி பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டிலில் சாய்ந்தபடி நாள் பூராவும் டிவி பார்ப்பார். மகள் ஒரு புது டிவி வாங்கி வைத்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். அதனால் பழைய டிவியே திரும்ப வந்தது. கேபிள்காரர்கள் பெட்டி இல்லாத இணைப்பை நிறுத்தியதும் அதுவும் இருண்டுவிட்டது. அவர் மனைவி லட்சுமி அக்கா கடைக்கு வந்து, "படம் இல்லாம அவிய சாப்பிடவே மாட்டேங்கிறாவ. இன்னைக்கே மாட்டிக் குடும்மா" என்றார்.

அந்த வீட்டுக்கு ஏதாவது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. கடையில் இருந்த மூன்று வயர்ப் பெட்டிகளை எல்லாம் பிரித்துப் பார்த்து, பட்டன் பெரிதாக இருக்கிற ரிமோட்டாகத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி கட்டிலில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் பார்த்தவர் பார்வை, தெரியுமில்லையா? மஞ்சளைச் செருகினேன். சிவப்பு, வெள்ளை. சாமியை நினைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். திரையில் ஒரு வெளிச்சம் வந்தது. நிம்மதியாக டிவியின் மேல் கையை வைத்தேன். வைத்ததும் உள்ளே "டப்" என்று ஒரு வெடிச் சத்தம். கருகல் வாடை. திரை செத்துப்போயிற்று.

"ஏட்டி! கைய எடு!"

நான் கையை இழுத்துக்கொண்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டேன். லட்சுமி அக்கா பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. அந்தக் குரல் கட்டிலில் இருந்து வந்தது. அக்கா ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க சொன்னிய? இன்னொருக்கச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். அண்ணாச்சி உதட்டை அசைத்தார், வரவில்லை. அக்கா அழுகிறார், நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டிவியைக் கெடுத்ததற்கு என்னை யாரும் திட்டவில்லை என்பதே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டிவியைச் செல்வம் அண்ணன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டினார். உள்ளே ஒரு கண்டன்சர் நாள்பட்டு வீங்கியிருந்ததாம். "அதுவா என்னைக்கோ வெடிக்க வேண்டியது தங்கச்சி, ஒன் கை பட்டதாலயில்ல" என்று அண்ணன் எத்தனை சொல்லியும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சரியாகி வந்ததும் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி அதே கட்டிலில், அதே பார்வையோடு. இந்தத் தடவை தள்ளி நின்று, விரல் நுனியால் சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது, சத்தம் வந்தது, கலர் எல்லாம் அழகாக நின்றது. அண்ணாச்சி டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். கோணின வாயில் ஒரு சிரிப்பு வந்து, "கைய..." என்றார். அவ்வளவுதான், மேற்கொண்டு வரவில்லை.

லட்சுமி அக்கா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசியில் ஏமாந்துபோன முகத்தோடு என் பக்கம் திரும்பினார்: "ஏம்மா, இன்னைக்கு வெடிக்கலையா?"

இத்தனை வருடமாக இத்தனை ஊர்களிலும் படம் தெரிய வைத்தும் எந்த வீட்டிலும் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. படம் தெரிந்ததும், அது போவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கைவந்த ஒரே வித்தை.