ஐந்நூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர்

என் சித்தப்பா வாங்கிய காரில் மொத்தம் பதினேழு குறைகள் இருந்தன. அத்தனையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. முதல் குறை, இடதுபக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. ஐந்தாவது, ஏசி ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான் குளிரும். பதினோராவது, மழை பெய்தால் என் கால்மாட்டில் தண்ணீர் சொட்டும். பதினேழாவதை நானாக எழுதவில்லை. சித்தி பக்கத்தில் நின்று எழுதச் சொன்னாள்: "வாங்கினவருக்குப் புத்தி இல்லை."

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில். சித்தப்பாவிடம் மூன்று வேன்கள் இருந்தன. பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போய் இறக்குவது தொழில். ஒரு வேனை அவரே ஓட்டினார். செங்கல்பட்டுக்கு அப்பால் இருந்த நிலத்தை விற்றபோது தன் பங்கில் அப்பா மாடி கட்டினார். சித்தப்பா கார் வாங்கினார்.

சாதாரணக் கார் இல்லை. மஞ்சள் நிறம், இரண்டு கதவு, இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் இன்ஜின். வெளிநாட்டில் செய்தது. புதிதாக இருந்தபோது அதன் விலைக்கு எங்கள் தெருவில் பாதியை வாங்கியிருக்கலாம். ஆனால் அது மூன்று கை மாறி, 1,11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடித் தேய்ந்துபோய் எங்களிடம் வந்திருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டேய், எவனோ ஓட்டித் தேச்ச வண்டிய இம்மாந்துட்டு குடுத்து வாங்கினு வந்துகீறியே?"

"தேஞ்சதாலதாண்ணே நம்ம கைக்கு வந்துகீது. பத்தாயிரம் ஓடின வண்டிய வாங்கினவன் இன்னா பண்றான்? போத்தி வச்சிட்டு சுத்திச் சுத்தி வந்து தொடைக்கிறான். ஓட்டினா விலை எறங்கிடும்னு பயம். இது ஏற்கெனவே எறங்கிப்போச்சு. இனிமே பயப்படாம ஓட்டலாம்."

காரின் மூக்கு தாழ்வாக இருந்ததால் எங்கள் வாசல் சரிவில் ஏற முடியவில்லை. தெருவிலேயே நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டோம். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது சித்தி நிபந்தனையைச் சொன்னாள்.

"ஒரு லட்சத்தி இருவதாயிரம். அது வரிக்கும் ஓட்டிக்கோ. அதத் தொட்டா குடுத்துடணும். நீ பொழப்புக்கு ரோட்டுக்குப் போறப்பவே வயித்துல நெருப்ப கட்டிகினு கீறேன். வெளையாட்டுக்கும் போனா தாங்காதுய்யா."

சித்தப்பா தட்டில் கையைக் காட்டி ஒற்றிக்கொண்டு, "சரி" என்றார்.

வெளியாட்களுக்கு இந்தக் கெடு விசித்திரமாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் எல்லாமே கிலோமீட்டர்தான். ஆயில் மாற்ற ஒரு எண், டயர் மாற்ற ஒரு எண், வேனை விற்க இரண்டு லட்சம். தன் கல்யாணம் எந்த வருடம் நடந்தது என்று கேட்டால் சித்தப்பா, "மொத வேனு எழுவதாயிரம் ஓடினப்ப" என்பார். இருந்தாலும் தேதி ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்டதற்குச் சித்தி சொன்ன பதில் நினைவிருக்கிறது: "தேதி சொன்னா டிமிக்கி குடுப்பாரு. மீட்டர் பொய் சொல்லாது."

வண்டி விற்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டு இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். வேன் இரண்டு லட்சத்தைத் தொட்டதும் மெக்கானிக் பாய் ஒரு சின்னப் பெட்டியோடு வருவார். ஒயரை மாட்டி எதையோ அழுத்துவார். மறுநாள் வேன் ஒன்றரை லட்சமாகி, இளமையோடு அடுத்த வீட்டுக்குப் புறப்படும். கீரைக்கட்டில் தண்ணீர் தெளிப்பதைப்போலச் சர்வசாதாரணமாக அது நடந்தது. பாய்க்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பதே நான்தான். மீட்டரைத் தொடுவது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். சித்தி அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் இரண்டாவது இருக்கை எனக்குக் கிடைத்தது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், பிறகு கடலை ஒட்டியே கடப்பாக்கம். போய்வர 172 கிலோமீட்டர்.

சும்மா உட்கார்ந்து போகவில்லை, எனக்கு வேலை இருந்தது. வீட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே இருபத்துமூன்று வேகத்தடைகள். காரின் வயிறு தரையிலிருந்து நான்கு விரல் உயரம்தான். ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் நான் இறங்கி, குந்தி உட்கார்ந்து, அடியில் பார்த்துக்கொண்டே கையைக் காட்டுவேன். சித்தப்பா வண்டியைக் கோணலாக்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து எல்லாத் தடைகளின் உயரத்தையும் அளந்து நோட்டில் எழுதியிருந்தேன். திருக்கழுக்குன்றம் டீக்கடையில் எங்களுக்காகவே ஒரு கூட்டம் காத்திருக்கும்.

"இன்னா அண்ணாத்த, இம்மாம் பெரிய காரு, பாப்பாவ எறக்கித் தள்ள வுட்டுகீற?"

"தள்ளல மச்சான், அளக்குது. நீ குடிக்கற டீய கொஞ்சம் தள்ளிப் புடி, பெயின்ட்ல சிந்தப் போவுது."

மாமல்லபுரம் தாண்டியதும் என் வேலை முடிந்துவிடும். சவுக்குத் தோப்பும் பனைமரங்களும் பின்னால் ஓடும். இன்ஜின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் முதுகில் விழும். சித்தப்பா பறப்பார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவர் பறக்கவில்லை. ஜன்னலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வளைவுகளில் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். அவ்வப்போது உள்கண்ணாடியைப் பார்ப்பார். பதினெட்டு வருடமாக வேன் கண்ணாடியில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருபது முகங்களைப் பார்த்துப் பழகியவர்.

"பின்னாடி யாரும் இல்ல பாப்பா," என்பார்.

யாரும் இல்லாததில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடப்பாக்கத்தில் இடிந்த கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, மீன் ஏலம் முடிந்து கலைகிற கூட்டத்தை வேடிக்கை பார்த்தபடி இட்லி சாப்பிடுவோம். பத்தரைக்குள் திரும்பிவிடுவோம். சித்தி வாசலில் நின்றுகொண்டிருப்பாள். ஒருநாளும் அவள் மீட்டரை எட்டிப் பார்த்ததில்லை. எங்கள் இருவரையும் உச்சி முதல் கால் வரை பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள்.

மீட்டரைப் பார்த்தது நான்தான். நோட்டில் கட்டம் போட்டு, போன இடம், கிளம்பும்போது எண், திரும்பியபோது எண், மீதி என்று எழுதி வந்தேன். மீதி ஐந்தாயிரத்துக்குக் கீழே வந்தபோது கவலைப்படவில்லை. இரண்டாயிரத்துக்குக் கீழே வந்த வாரம் பள்ளியில் கணக்குப் பரீட்சைத் தாளின் ஓரத்தில் 2,000-ஐ 172-ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் எலி புகுந்து காரின் ஒயர்களைக் கடித்தது. பாய் வந்து, மீட்டருக்கு மட்டும் புதிதாக ஒரு ஒயர் இழுத்து, என் கால்மாட்டில் அதற்கென்று தனி ஃபியூஸ் ஒன்றை வைத்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கும் பெண் என்பதால் கேட்காமலே சொன்னார்: "இத்தப் புடுங்கினா முள்ளு படுத்துக்கும், நம்பரும் நின்னுக்கும். வண்டி பாட்டுக்கு ஓடும்."

எனக்குத் தேவையானது முழுக்க அந்த வாக்கியத்தில் இருந்தது.

சனிக்கிழமை மாலை அதைப் பிடுங்கி ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டேன். மீட்டர் 1,18,250-இல் நின்றது. மீதி 1,750, இனி எப்போதும் 1,750. சித்திக்குக் கொடுத்த வாக்கும் இருக்கும், காரும் இருக்கும். இவ்வளவு எளிய வழி பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் செங்கல்பட்டு ஏரி வளைவில் சித்தப்பா வேகத்தைக் குறைத்தார். பிறகு மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு முறை தட்டினார். முள் படுத்தே கிடந்தது. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இன்னிக்கு நாம நின்னுகினே போய்க்கினு கீறோம் போல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு விஷயம் புரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்த ஞாயிறும் நின்றுகொண்டே கடப்பாக்கம் போய்வந்தோம். மூன்றாவது ஞாயிறு அவர் கோட்டையோடு நிற்காமல் உப்பளங்கள் வரை ஓட்டினார். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன. "இது எங்கயும் ஏறாது, இல்ல?" என்று மட்டும் கேட்டார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று வாரங்களுக்கும் நோட்டில் போன இடத்தை எழுதி, எண்களுக்கான கட்டங்களைக் காலியாக விட்டேன்.

நான்காவது ஞாயிறு வண்டி நகர்ந்ததும் முள் எழுந்தது. குனிந்து பார்த்தேன். என் கால்மாட்டில் புது ஃபியூஸ். பழையது இன்னமும் என் பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"பெல்ட்டு போடு," என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். பாய் சர்வீஸில் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறார், நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி பிடுங்கத் தைரியம் வரவில்லை.

அந்த ஞாயிறையும் சேர்த்து ஏழு ஞாயிறுகள் கடப்பாக்கம் போனோம். ஏழாவது ஞாயிறு திரும்பும்போது வீட்டு வாசலில் நிற்காமல் மறைமலை நகர் வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். எதற்கு என்றதற்கு, "சும்மா" என்றார். இறங்கும்போது மீட்டர் 1,19,468. மீதி 532. இன்னும் மூன்று கடப்பாக்கம் போகலாம். அதற்கு மேல் பதினாறு கிலோமீட்டர் மிஞ்சும். அந்தப் பதினாறை எங்கே செலவழிக்கலாம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு யோசனைகள் எழுதி வைத்தேன்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்தால், நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் எங்கள் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பாய் தன் பெட்டியோடு தயாராக நின்றார்.

"இன்னாண்ணே, மீட்டர்ல ஒரு நாப்பதாயிரம் கொறைச்சிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பெட்டிய தொறக்காத பாய். இது இருக்கற மாதிரியே போவட்டும்."

பாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்தெடுக்கச் சித்தி அன்றுதான் முதல்முறையாக அந்தக் காருக்குள் தலையை நீட்டினாள். நீட்டியவள் எண்ணைப் படித்துவிட்டாள்.

"யோவ், இன்னும் ஐநூறு சொச்சம் கீதே! ரெண்டு மூணு வாரம் வருமே. ஓட்டிட்டே குடு. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

"முடிஞ்சிச்சிமே."

"மீட்டர்ல கீதுய்யா, கண்ணு தெரியல உனக்கு?"

"முடிஞ்சிச்சின்னா முடிஞ்சிச்சி. வுடு."

சித்தி அவர் முகத்தைப் பார்த்தாள், பாய் பார்த்தார், வாங்க வந்தவரும் பார்த்தார். சித்தப்பா சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கார் தெருமுனையில் திரும்பும்போது முதல் வேகத்தடையில் வயிறு உரசிய சத்தம் கேட்டது. அந்த இளைஞருக்கு அளந்து சொல்ல ஆள் இல்லை. நான் சித்தப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். சித்தியே வேண்டாம் என்று சொல்லியும், என் மூன்று ஞாயிறுகளைத் தூக்கி யாரிடமோ கொடுத்துவிட்டவரோடு நான்கு மாதம் பேசவில்லை. அவர் தினமும் வேனிலிருந்து இறங்கி, "பாப்பா சாப்ட்டுச்சா?" என்று எனக்குக் கேட்கும்படி அம்மாவிடம் விசாரிப்பார். நோட்டில் பதினெட்டாவது குறையை எழுதினேன்: "ஓட்டுகிறவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில்லை."

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. வண்டிகளைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை; ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் மீட்டரைக் குறிப்பது என் பொறுப்பு. போன மாதம் நாவலூரில் வீடு மாற்றும்போது அந்த நோட்டு அகப்பட்டது. குறிப்பில் காலிக் கட்டம் இருந்தால் பக்கத்து வரிசைகளை வைத்து நிரப்பிவிடுவது தொழிலில் வந்த பழக்கம். மூன்று வரிசைகள் காலியாக இருந்தன. கடப்பாக்கம், 172. கடப்பாக்கம், 172. உப்பளம். வேறொரு வாரமும் அங்கே போயிருந்தோம்: 188.

கூட்டிவிட்டு, சாமான்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தேன். மறுபடி கூட்டினேன். ஐந்நூற்று முப்பத்திரண்டு; கார் போன அன்று மீட்டரில் மீதி இருந்த அதே எண். மறைமலை நகர் வரை சும்மா போய்வந்த கிலோமீட்டர் எதற்கு என்பதும் அப்போது தெரிந்தது. அதைச் சேர்க்காவிட்டால் மீட்டரில் பதினான்கு குறைந்திருக்கும்.

சித்தப்பாவை அழைத்தேன். பின்னால் வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, கடப்பாக்கம் போய்வர எவ்ளோ?"

"நூத்தி எழுவத்திரெண்டு," என்றார், யோசிக்காமல்.

"உப்பளம் வரைக்கும்?"

இன்ஜினை அணைத்தார்.

"நூத்தி எம்பத்தெட்டு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஃபியூஸ இன்னும் வச்சிகினு கீறியா பாப்பா? இருந்தா இருக்கட்டும். சித்திகிட்ட மட்டும் சொல்லிடாத."