அழகம்மா காம்பராவுக்குப் பதிவு இல்லை

பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் ஏறாத தேயிலைத் தோட்டமொன்றின் மேட்டு லயத்தில், தொங்கல் காம்பராவில் இருக்கிறாள் அழகம்மா. வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். கொழுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். தோட்டம் அவள் பேரை வெட்டிவிட்டது. அன்றிலிருந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பிள்ளைகளுக்கு அவள் பெரியம்மா.

தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கீழே பணிய லயத்தில், புதுக் கட்டடத்தில், சுவரில் யானைப் படத்தோடு இருக்கிறது; முன்பள்ளியும் அதுதான். ஆள் கூப்பிடும் பெரட்டு முடிந்து, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அதைத் திறப்பார்கள். மேட்டு லயத்துப் பெண்களில் பாதிப்பேர் இப்போது தோட்டத்துப் பேரிலேயே இல்லை. லொறி ஏறி வெளியே மரக்கறித் தோட்டங்களுக்குப் போகிறவர்கள். லொறி இருட்டோடு வந்து ஹோர்ன் அடிக்கும். தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு கொண்டுவந்து போட அவர்களுக்கு அழகம்மாவை விட்டால் வேறு யார்?

அவளும் சும்மா பார்த்துக்கொள்ளவில்லை. பால் இல்லாத சாயத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்து, முகம் கழுவிவிட்டு, அடுப்புக்கரியால் சுவரில் எழுத்து எழுதிக் காட்டுவாள். பிள்ளைகளின் கை எட்டும் உயரம் வரைக்கும் அந்தச் சுவர் முழுக்க ஆனா ஆவன்னாதான். அதற்கு இடையில் கோழி, லொறி, கொழுந்துக்கூடை. நிஷாந்தியின் மகன் திலக்ஷன் நாலு வயதில் தன் பேரை அங்கேதான் எழுதினான். அதைப் பார்த்துவிட்டு நிஷாந்தி அழுதேவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறவர்களையும் அரசாங்க முன்பள்ளித் திட்டத்தில் சேர்க்கப்போகிறார்களாம். பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு, முட்டை, புத்தகம். பார்க்கிறவளுக்குப் பயிற்சியும் கொடுப்பனவும். அழகம்மாவுக்கு முட்டைதான் முதலில் மனதில் பட்டது. இரண்டாவதாக ஒரு ஆசை வந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன்னையும் ஒருவர் டீச்சர் என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் அது.

விண்ணப்பம் சிங்களத்தில் இருந்தது. பூண்டுலோயாவில் கடை வைத்திருக்கும் இக்ராம் நானாதான் நிரப்பிக் கொடுத்தார். வீட்டு உறுதிப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே சாகிறவர்களிடம் வீட்டு உறுதி கேட்கத் தோன்றிய அந்தப் புண்ணியவான் யாரோ தெரியவில்லை. உறுதி இல்லையென்றால் தோட்டத்துத் துரையின் கடிதமாவது வேண்டும் என்றார்கள். குடியிருக்கக் கொடுத்த காம்பராவில் பள்ளிக்கூடம் நடத்துவதாவது என்று துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்காலை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள் அழகம்மா. கடைசியில் தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமி துரையிடம் பேசிக் கெஞ்சி, கடிதத்தை வாங்கிக் கொடுத்தார். இனி முன்பள்ளித் திட்டத்திலிருந்து ஒரு மிஸ் வந்து இடத்தைப் பார்த்தால் போதும்.

பார்க்க வருகிற நாள் தெரிந்ததும் லயமே பரபரத்தது. பெரிய ஆட்கள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய துரை வந்தாலும், தேயிலை வாங்குகிற வெள்ளைக்காரர்கள் வந்தாலும் ஒரே முறைதான். சாக்கடைக் கானைக் கழுவ வேண்டும். கொடித் துணியை எடுக்க வேண்டும். நாயையும் சின்னப் பிள்ளைகளையும் கண்ணில் படாமல் அப்புறப்படுத்த வேண்டும். தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறிய பழக்கம் இது.

“செவுரெல்லாம் கரியா கெடக்கு, மிஸ் பாத்தா என்னா நெனைப்பாங்க?” என்றார் செல்லசாமி.

“அடிச்சிருவோம்ணே,” என்றாள் அழகம்மா.

சுண்ணாம்பு அடித்தார்கள். எழுத்து, கோழி, லொறி, திலக்ஷனின் பேர் எல்லாம் வெள்ளைக்குள் போயின. தொட்டிலை அவிழ்த்தார்கள், பாயைச் சுருட்டினார்கள். யார் வீட்டிலிருந்தோ பிளாஸ்டிக் கதிரை வந்தது, சோடா வந்தது, பிஸ்கட் வந்தது. பிள்ளைகளைக் கோயிலடிக்கு அனுப்பினார்கள். “மிஸ் போற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது,” என்று அழகம்மாவே விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினாள்.

வந்தவர் ரபீக்கா மிஸ். ஹட்டன்காரர், நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். வெறும் காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பிள்ளைகள் எங்க?”

“நீங்க வர்றீங்கன்னு அனுப்பிட்டோம் மிஸ்,” என்றாள் அழகம்மா, பெருமையாக.

மிஸ்ஸின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆள் ஓடிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தது. மிஸ் குனிந்து பேர் கேட்டார். பதில் இல்லை. பாட்டுப் பாடச் சொன்னார், நிறம் கேட்டார், ஒரு பிஸ்கட்டைக்கூட நீட்டினார். எல்லா வாயிலும் கொழுக்கட்டை. பெரியம்மா சத்தம் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறாளே, மிஸ் இன்னும் போகவில்லையே. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றின பிள்ளைகள். நல்ல வளர்ப்பு.

“பேசுடா தங்கம், இப்ப பேசலாம்டா,” என்று அழகம்மா கெஞ்சினாள். திலக்ஷன் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“செவுத்துல எல்லாம் எழுதியிருந்தாங்க மிஸ். நாங்கதான் சுண்ணாம்பு அடிச்சிட்டோம்.”

ரபீக்கா மிஸ் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். “நீங்க பொய் சொல்லேல்ல, எனக்கு விளங்குது. ஆனா நான் பாக்காதத பாத்தேன்னு எழுத ஏலாதே,” என்றார். அவருக்கும் வருத்தம்தான். வருத்தத்தோடேயே வேனில் ஏறிப் போனார்.

பதில் தோட்டத்து ஆபீஸுக்கு வந்தது. கற்றல் சூழல் இல்லை, பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சி போதாது, பதிவு இல்லை. மேட்டு லயத்துப் பிள்ளைகளைப் பணிய லயத்து முன்பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. செல்லசாமிதான் வாசித்துச் சொன்னார். அன்றைக்கு அழகம்மாவுக்கு யார் மேல் கோபம் என்றால், மிஸ் மேல் இல்லை, துரை மேலும் இல்லை. தன் மேல்தான். விரலை ஆட்டியவள் அவள்தானே. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குனியப் பழக்கியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், குனிந்தவள் தன்னையே நொந்துகொள்கிறாள்.

சாயங்காலம் நிஷாந்தி வந்து வாசலில் நின்றாள்.

“அக்கா, கீழ சேக்கலேன்னா புள்ளைக்கு முட்டையும் இல்ல, புத்தகமும் இல்லேங்கிறாங்க.”

“சேத்துரு தங்கச்சி. நான் ஏன் வேணாங்கப்போறேன்?”

“லொறி இருட்டுலயே வந்துருதேக்கா.” நிஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்கதான் வச்சிருந்து, தொறந்தவொடன கொண்டுபோயி விடணும். மத்தியானம் கூட்டியாரணும்.”

அழகம்மா ஆகட்டும் என்றாள். மற்றத் தாய்மாரும் அதையேதான் கேட்டார்கள்.

ஆக, வேலையில் எதுவும் குறையவில்லை. இருட்டோடு பிள்ளைகளை வாங்குகிறாள், முகம் கழுவிவிடுகிறாள், ரொட்டி கொடுக்கிறாள். பிறகு ஒன்றை இடுப்பில் தூக்கி, மற்றவற்றைக் கையில் பிடித்து, வழுக்குகிற படிகளில் அந்த முழங்காலோடு இறங்குகிறாள். முட்டை பணிய லயத்தில், கொடுப்பனவு பணிய லயத்தில், டீச்சர் என்ற பேரும் அங்கேதான். பதிவு இல்லாத ஆள் உள்ளே வரக்கூடாது என்பதால் அவள் கேட்டுக்கு வெளியே நின்றுகொள்வாள்.

போன மாதம் அங்கே கொழும்பிலிருந்து ஒரு மிஸ் பார்க்க வந்தார். அழகம்மா அப்போதுதான் பிள்ளைகளை விட்டுவிட்டு, மூச்சு வாங்கக் கேட்டுக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். உள்ளே திலக்ஷன் தன் பேரைப் பலகையில் எழுதிக் காட்டினான். கொழும்பு மிஸ்ஸுக்கு ஆச்சரியம்.

“சேர்ந்து கொஞ்ச நாளுக்குள்ள இவ்வளவு நல்லா எழுதுறாரே. வீட்டில யார் பார்த்துக்கொள்றது?”

முன்பள்ளி டீச்சர் சுதர்ஷினி கேட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

“யாரும் இல்ல மிஸ். தாய்மார் எல்லாம் வேலைக்குப் போயிருவாங்க.”

மிஸ் அதை எழுதிக்கொண்டார். அழகம்மா கம்பியை விட்டுவிட்டுப் படியேறினாள். மத்தியானம் மறுபடி இறங்க வேண்டும்.