கோலப்பொடியில் ஓடிய கரப்பான்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு டாட்டா காட்டியவன் நான். மைசூரில் மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. ஏதாவது கற்றுக்கொடு என்ற தங்கச்சி கவிதாவின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து, வீடியோவில் பார்த்தபடி புரோகிராம் போட்டு அதிலிருந்த விளக்கை மினுக்கிக் காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டவள், ஒரே வருடத்தில் தாளில் வரைந்த கறுப்புக் கோட்டின் வழியே தானாக ஓடும் குட்டி வண்டியே செய்துவிட்டாள். நான் வைத்த பெயர் கரப்பான்.

பள்ளிக் கண்காட்சியன்று, அது ஓடவேண்டிய, கறுப்புக் கோடு போட்ட வெள்ளைச் சார்ட்டைக் காணோம்.

"சார்ட் நான் கொண்டாரேன்னியே, எங்கண்ணா?"

"கட்டிலுக்கடியில... உன்னை அழவிடலாம்னு ஒளிச்சு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன் புள்ள."

நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார்கள். கீழே கறுகறுவென்று கருங்கல் தரை. கவிதா அழவில்லை.

"வாசல்ல ரங்கோலி போடறாங்கல்ல? வெள்ளைப் பொடி ஒரு பிடி வாங்கிட்டு வா, ஓடு!"

ஓடினேன். அந்தப் பொடியில் தரைமேல் வளைவாக ஒரு கோடு இழுத்தாள்.

"உன் கரப்பானுக்குக் கறுப்புக் கோடுதானே தெரியும்?"

"இப்ப வெள்ளைன்னு மாத்தறேன். நீ வாய மூடிட்டு நில்லு."

லேப்டாப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். கரப்பான் ஒரு வளைவுகூடத் தப்பாமல் ஓடியது. ஹாலே கைதட்டியது. முதல் பரிசு!

யார் கற்றுக்கொடுத்தது என்று நடுவர் கேட்டபோது, கவிதா என்னைக் கைகாட்டினாள். நான் குனிந்து கரப்பானின் சக்கரத்தில் ஒட்டிய பொடியைத் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த வரிய எப்படி மாத்துன? எனக்கும் சொல்லிக்குடு."

"மொதல்ல விளக்க மினுக்கு, பாக்கலாம்" என்றாள்.

பள்ளியைவிட்டு வந்தபின் நான் ஒழுங்காகப் பாடம் கேட்டது அன்றுதான்.