அக்கா கையெழுத்து

வல்லத்திராக்கோட்டை வட்டிக்காரருக்கு நாலு லட்சம் கடன்பட்டிருந்தார் வீரய்யா. இடம் பார்க்கப் போகிற ஊரிலெல்லாம், டீ வருவதற்குள் அவரே அதைச் சொல்லிவிடுவார். "வாங்குன மனை கைய விட்டுப் போச்சு, கடன் மட்டும் நின்னுச்சு. வித்தவன் கூடப் பொறந்தவ கேஸ் போட்டுட்டா. அஞ்சு வருசம் வட்டி கட்டுனேன்ல!" கேட்பவருக்கு, ஏதோ பரிசு வாங்கிய கதை போல இருக்கும்.

கடன் அடைந்தது, அது கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் தங்கிவிட்டது. மனை வாங்கி விற்கிற மற்றவர்கள் ரோடு எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று தொடங்குவார்கள். வீரய்யா பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பார். சொம்பைத் திருப்பித் தரும்போதுதான் கேள்வி வரும். "இந்த எடத்துக்காரவுகளுக்குப் பொம்பளப் புள்ளைக எத்தனங்க?" படித்தது மூன்றாம் வகுப்பு. "எந்த வக்கீலு இதக் கேக்குறான், சொல்லுங்க?"

சட்டையில் இரண்டு பை வைத்துத் தைத்துக்கொள்வார். இடப்பை பத்திர நகலுக்கு, வலப்பை பிரஷர் மாத்திரைக்கு. பதிவு நாளில் இரண்டையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே இருப்பார்.

திருமயம் செம்மலின் இடத்தில்தான் சறுக்கினார். சுற்றிலும் பொட்டல், தண்ணீர் கேட்க ஒரு வீடில்லை. பைபாஸ் ஓரம் என்ற ஆசையில், குடியிருக்கும் வீட்டை அடகு வைத்துப் பதினைந்து லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டார். பட்டா செம்மல் பேரில், வில்லங்கம் சுத்தம். பிறகுதான் செம்மலின் அப்பாவுடைய வாரிசுச் சான்றிதழ் வந்தது. அதில் இன்னொரு பெயர்: காத்தாயி, மகள்.

"எங்கக்காதாங்க. நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு. அதுக்கு என்ன பங்கு?" என்றான் செம்மல்.

"அடேய், ஒங்கப்பா உயில் எழுதாமப் போயிட்டாருல்ல? மகளுக்கும் சமபங்குடா. அது கையெழுத்துப் போடலைன்னா என் வீடு போயிரும்!"

வீட்டில் மனைவி மணிமேகலை சோறு போட்டபடியே கேட்டாள். "ஊரெல்லாம் பொம்பளப் புள்ளைக எத்தனன்னு கேப்பீகளே, இங்க மட்டும் வாயில என்ன வச்சிருந்தீக?" வீரய்யா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

செம்மலை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு, அவன் அக்கா வாழ்க்கைப்பட்ட அரிமளம் போனார். காத்தாயி தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீரய்யாவிடம்தான் பேசினாள். "பங்கு நான் கேக்கலங்க. எம்மக சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரல. பந்தல்ல இருந்த அம்புட்டுச் சனமும் ஒந்தம்பி எங்கிட்டுன்னு கேட்டுச்சு. மூஞ்சிய எங்கங்க வச்சுக்கிறது?"

பேசி முடித்தார். பங்குக்கு அவள் பேரில் காசோலை. சீருக்கு ஐம்பதாயிரம், செம்மல் கையால். "நான் தீக்காத பஞ்சாயத்து இந்தத் தாலுகாவுல உண்டா?" என்று டிரைவரிடம் அளந்தார். கை மட்டும் வலப்பையை விட்டு அகலவில்லை.

பதிவு அலுவலக வாசலில் செம்மல் ஐநூறு ரூபாய்த் தாள்களை அக்காவின் உள்ளங்கையில் எண்ணி வைத்து முடித்தான். உள்ளே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"வா தாயி, நம்மதான்" என்றார் வீரய்யா.

காத்தாயி அசையவில்லை. விரித்த கை விரித்தபடி இருந்தது. "ஒத்த ரூவா சேக்காம மொட்டையா வச்சா, இது சீரா, நெலத்துக்குக் கிரயமா?"

வீரய்யா பதறி, மாத்திரைப் பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார். அவள் கை பின்னால் போனது.

"நீங்க எதுக்குங்க வைக்கிறீங்க? எனக்குத் தம்பி இருக்கான்."

செம்மலிடம் சில்லறை இல்லை, எல்லாம் போனில். உள்ளே இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். வீரய்யா நாணயத்தைச் செம்மலின் கையில் திணித்தார். "கடன்டா. திருப்பிக் குடுத்துரணும்."

"அக்கா" என்றான் செம்மல். தாள்களின் மேல் அந்த ஒரு ரூபாயை வைத்தான். அவள் விரல்கள் மெல்ல மடங்கின.