பெரியப்பாவுக்குக் கிடைத்த அப்பம்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஏசுசாமி கோயில் இப்போது ஒரு இரும்புக் கம்பெனியின் மதிலை ஒட்டி நிற்கிறது. ஐயர் பிரசங்கம் செய்யும்போது பின்னால் லாரி வந்தால் நிறுத்திக்கொள்வார், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஐயர் என்றால் எங்கள் சபையில் குருவானவர். நான் சொல்ல வந்தது கம்பெனிகள் வருவதற்கு முன்னால், அங்கெல்லாம் வேர்க்கடலைக் கொல்லையாக இருந்தபோது நடந்தது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பள்ளிக்கூடம் போகாதவன் வயதை யார் எழுதி வைத்தார்கள்?

என் பெரியப்பா மாட்டுவண்டி ஓட்டுகிறவர். ரெட்டியார் வீட்டு நெல்லை மீஞ்சூர் மில்லுக்கு ஏற்றிப் போவார். ஒருநாள் மூட்டைகளின் மேலே உட்கார்ந்து தூங்கிப்போய்க் கீழே விழுந்தார். தலையில் அடி. காயம் ஆறிவிட்டது, பழைய ஞாபகம் திரும்பவில்லை. மாடுகளை மட்டும் தெரிந்தது. இடப்பக்கத்துச் செவலை குடையைக் கண்டால் மிரளும் என்பதுவரை சொல்வார். பெரியம்மாவைப் பார்த்து, "நீ யாரும்மா? சோறு நல்லா ஆக்கற" என்பார்.

"கல்யாணம் ஆன நாளா ஆக்கிப் போடறேன். இன்னிக்குதான் நல்லா கீதுன்னு வாயில வந்துச்சு" என்று பெரியம்மா எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஆடி மாதத்தில் நின்றது. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். தெருக்கோடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். பெரியப்பா வரிசையில் நின்று ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, காதில் வேப்பிலைக் கொத்தோடு வீடு வந்து சேர்ந்தார். சின்னவெங்காயம் நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார்.

பின்னாலேயே சபை மூப்பர் வந்தார். எனக்குச் சித்தப்பா முறை.

"இன்னா அண்ணி, அண்ணன் ஆத்தாகிட்ட போய்ட்டாரு போல?"

"பசிச்சுது, குடிச்சாரு. உன் ஊட்டுப் பானையிலயா கைய உட்டாரு?"

"அதுக்கில்ல. ஏசுசாமி யாருன்னு கேட்டா முழிச்சிக்கினு நிக்கறாரு. வர ஞாயித்துக்கெழம ஐயரு ராப்போஜனம் குடுக்க வராரு. பதில் தெரியாதவங்களுக்கு அப்பம் இல்ல. தெரியுமில்ல?"

ஐயர் அப்போது எப்போதாவதுதான் எங்கள் ஊருக்கு வருவார். வந்தால் பெரியவர்களுக்கு ராப்போஜனம் என்று அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். அதற்குமுன் ஆளுக்கொரு கேள்வி கேட்பார், பரமண்டல ஜெபம் சொல்லச் சொல்வார். கூலிவேலை செய்கிறவர்கள் அந்த வாரம் முழுக்க நாற்று நடும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள்.

மூப்பர் போனதும் பெரியம்மா என் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள். "அப்பம் போனா போவுது. இவரு சாமிய மறந்துட்டாரே, செத்தா அங்க யாரு இவர சேத்துக்குவா? நான் ஒரு பக்கம், இவரு ஒரு பக்கமா கெடக்கணுமா?"

நான் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். எழுத்து தெரியாவிட்டாலும் ஜெபமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தினமும் விளக்கு வைத்ததும் போய் உட்காருவேன். பெரியம்மா வேகவைத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைப்பாள். நான் ஒரு வரி சொன்னால் பெரியப்பா கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்வார். அப்பம் வருகிற வரியில் கையை நீட்டி, "எங்க?" என்பார். நான் போனபிறகும் பெரியம்மா விடமாட்டாள். அவர் கண்ணயர்ந்தால் தட்டியெழுப்பி, "ஏசுசாமி யாரு? சொல்லுய்யா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த வீட்டிலிருந்து எங்களுக்குக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். ஐயர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பெரியவரே, உங்க ரட்சகர் யாரு?"

"ஏசுசாமி" என்று நான் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன்.

பெரியப்பா திரும்பி, "இன்னாடா? சத்தமா சொல்லு" என்றார். கோயிலே சிரித்தது. ஐயர் மறுபடியும் கேட்டார். பெரியப்பா கையைக் கூப்பிக்கொண்டார்.

"தெரியலியே சாமி. தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவருக்கு மூள கலங்கிப்போச்சு ஐயரே, அடுத்த ஆளக் கேளுங்க" என்றார் மூப்பர்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு ஐயர் அங்கியோடு பெரியப்பாவுக்கு எதிரில் பாயில் உட்கார்ந்தார். "தெரியலன்னா போகட்டும். நீங்க தேடிக் கண்டுபிடிச்சா அவரோட ஆளா ஆனீங்க? இந்தப் பூமி உண்டாகறதுக்கு முன்னாடியே இவர் எனக்கு வேணும்னு உங்களை எடுத்துக்கிட்டாரு. அன்னிக்கு உங்களுக்கு என்ன ஜெபம் தெரியும்? ஒண்ணும் தெரியாது. அவரு எடுத்தது எடுத்ததுதான்."

பெரியப்பாவுக்குச் சொல்வதுபோல இருந்தாலும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெரியம்மாவை. பிறகு எழுந்துபோய், முதல் அப்பத்தைப் பெரியப்பாவின் கையில் வைத்தார். பெரியப்பா மென்றுபார்த்து, "உப்பு பத்தல" என்றார். மூப்பர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சரியான கோபம். முழு ஜெபமும் தெரிந்தவன் நான். சின்னப்பையன் என்று எனக்கு ஒரு துணுக்குகூடக் கிடையாது. ஒரு வரிகூடத் தெரியாத ஆளுக்கு முதல் அப்பம். இது என்ன நியாயம் என்று வழியெல்லாம் கல்லை எத்திக்கொண்டே நடந்தேன்.

ஆனாலும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் வழக்கம்போலப் போனேன். அடுத்த தடவையாவது ஒழுங்காகச் சொல்லவைக்க வேண்டுமே. பெரியம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"இனிமே வாணாம்டா. அவர உடு."

"மறந்துடுவாரே பெரிம்மா?"

"மறக்கட்டும். நீ போய்த் தூங்கு."

உள்ளே பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தட்டியெழுப்பவில்லை. பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள், உடனே குறட்டை கேட்டது. நான் வீட்டுக்கு ஓடி, பெரியம்மாவுக்கு அலுத்துவிட்டது, பெரியப்பாவைக் கைவிட்டுவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.